முன் சக்கரத்தின் எடை

ராசா,

வண்டிச் சாவியை ஒளித்துவைத்தது நான்தான். போன செவ்வாய்க்கிழமை வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினாயே, கடைசியில் அரிசி டப்பாவுக்குள்ளிருந்து பியூலா எடுத்துக் கொடுத்தாளே, அது ஜெனி விளையாட்டாகப் போட்டதில்லை. அந்த டப்பா இருக்கிற உயரத்துக்கு ஐந்து வயசுப் பிள்ளைக்குக் கை எட்டுமா என்று நீயும் யோசிக்கவில்லை, உன் பெண்டாட்டி பியூலாவும் யோசிக்கவில்லை. "நீதானே எடுத்த?" என்று ஜெனியை அதட்டினாய். இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தவள், நீ குரலை உயர்த்தியதும், "ஆமாப்பா, நாந்தான்" என்று ஒத்துக்கொண்டாள். செய்யாத ஒன்றை அந்தப் பிள்ளை செய்ததாக ஒத்துக்கொண்டு அழுதாள். நான் அடுப்படி வாசலில் கையில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் செய்ததற்கு இன்னொருவர் பழி சுமப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எனக்கு இது முதல் தடவை இல்லை. இரண்டாவது தடவை. முதல் தடவையைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்கள் மூன்று பேரும் கட்டிலும் அடுப்பும் வைத்துக் கட்டின அந்த வீட்டு வண்டியிலேயே நாசரேத்துக்கு, பியூலா வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறீர்கள். சனிக்கிழமை திரும்பி வருவீர்கள். திங்கட்கிழமை அந்த வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு காஷ்மீர் வரைக்கும், ஒரு வருஷத்துக்கு, கிளம்பிவிடுவீர்கள். இடையில் எனக்கு இந்த மூன்று நாள்தான் இருக்கிறது. போனில் பேசினால் "அம்மா, சும்மா பயந்துகிட்டு கிடக்காத" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். நேரில் பேசினால் எனக்கு அழுகை முந்திவிடும். அதனால் எழுதுகிறேன். பியூலாவும் படிக்கட்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. காம்பவுண்டுக்குள் அந்த வண்டி வந்து நின்ற நாளிலிருந்து பால்காரர் ஹாரன் அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது. ஜெபமாலையைக் கையில் எடுத்தால் எத்தனை மணி உருட்டினேன் என்று மறந்துபோகிறது. பிள்ளை வெளியூர் போகிறான் என்று எல்லாத் தாய்மாரும் பயப்படுகிற பயம்தான் இது என்று நினைத்துவிடாதே. நீ கப்பலில் போய் ஒன்பது மாசம் கரைக்கு வராமல் இருந்தபோதுகூட நான் நிம்மதியாகத் தூங்கினேன். இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு நம்பர் இருக்கிறது.

நான் யார் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் ஞாபகப்படுத்துகிறேன், ஏனென்றால் கோயம்புத்தூர்க் கண்காட்சியில் அதை நீ மறந்துவிட்டாய். நான் எடை மேடைக்காரி. உப்பளத்து ரோட்டோரம் அந்தக் கண்ணாடி அறைக்குள் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து என் மேசைக்கு அடியில் உட்கார்ந்துதான் நீ வாய்ப்பாடு படித்தாய். உப்பு லாரி, துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர், கரி லாரி, மீன் வண்டி எல்லாம் என் ஜன்னலுக்கு முன்னால் மேடையில் ஏறி நின்று எடை பார்த்து இறங்கும். மற்றவர்கள் வண்டியை முகத்தை வைத்து அடையாளம் சொல்வார்கள். நான் அது நிற்கிற நிலையை வைத்துச் சொல்வேன். பாரம் ஏறினால் எங்கே அமுங்குகிறது, எங்கே எழும்புகிறது, எந்த டிரைவர் மேடையில் ஏறும்போது ஸ்டேரிங்கை இறுக்கிப் பிடிக்கிறான் என்று பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று விளங்கிப்போனது. மேலே இருக்கிற கூடு யார் வேண்டுமானாலும் செய்யலாம். அடியில் கிடக்கிற இரும்புச் சட்டம், அந்தச் சேஸ்தான் வண்டி.

போன வருஷம் நீ என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டு வண்டிக் கண்காட்சிக்குப் போனாயே. வண்டிகளின் பெயரைப் பார்த்தால் எல்லாம் நட்சத்திர ஹோட்டல். கையில் கொடுத்த புத்தகத்தில் முதல் பக்கத்தில் ஏரி, மலை, தொப்பி போட்டுக்கொண்டு டீ குடிக்கிற ஒரு பெண். அடுத்த பக்கம் சோபா. அதற்கடுத்த பக்கம் டிவி, அடுப்பு, குளியலறைக் கண்ணாடி. சேஸைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் ஒரே ஒரு வரி. ஆறு பேர் படுக்கலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். ஆறு பேரும், அவர்கள் துணிமணியும், குடிக்கக் குளிக்கத் தண்ணீரும் ஏறின பிறகு அந்தச் சக்கரங்கள் தாங்குமா என்று எங்கேயும் போடவில்லை. எடை என்று ஒன்று போட்டிருந்தான், அதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடிப் பார்த்தால் கீழே, காலி வண்டியின் எடை, என்று இருந்தது. காலி வண்டியில் யார் குடியிருக்கப் போகிறார்கள்?

அந்த விற்பனைக்காரப் பையன் கெட்டவன் இல்லை. சிரித்த முகம். முதலில் வேனைக் காட்டி, "காரு ஓட்டற மாதிரியே இருக்குமுங்கம்மா" என்றான். நிஜம்தான். அந்த மாதிரி வேனுக்கு அடியில் தனியாக இரும்புச் சட்டம் கிடையாது, தகடும் கூரையும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்கும். முட்டை ஓடு மாதிரி. கூரையை வெட்டி ஏசி வைத்து, பக்கத்தை வெட்டிப் பெரிய ஜன்னல் வைத்தால் ஓட்டில் எவ்வளவு மிச்சம் என்று அவன் சொல்லவில்லை. அடுத்து பஸ் சேஸில் கட்டினது. "மெத்தையில படுத்துட்டுப் போற மாதிரிங்க" என்றான். அதுவும் நிஜம். பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு அப்பால் எவ்வளவு நீளம் கிடந்தாலும், முன்சக்கரத்துக்கு முன்னாலேயும் டிரைவர் உட்கார்ந்திருப்பான், நம்மூர் பஸ்ஸில் என்ஜினும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அதனால் மூக்கு தரையில் நிற்கும். ஆனால் அது உனக்கு ரொம்பப் பெரிசு, நம்ம தெருவுக்குள்ளேயே திரும்பாது. மூன்றாவதாகத்தான் உன் வண்டி. சின்ன லாரி சேஸ். இரண்டு நீள இரும்பு, நடுவில் குறுக்கே குறுக்கே கட்டை, ஏணியைப் படுக்கப் போட்டு நாலு மூலையில் சக்கரம் மாட்டின மாதிரி. "இது கல்லுங்கம்மா, எவ்வளவு வேணாலும் ஏத்தலாமுங்க. இன்னொண்ணு சொல்றேன் பாருங்க, இந்த மாடல்ல பின்னாடி மூணடி எக்ஸ்ட்ரா குடுத்திருக்கோம். அதனாலதான் குளியலறையே நின்னு குளிக்கிற மாதிரி வந்திருக்குது. வேற எந்தக் கம்பெனியிலும் இந்த மூணடி கிடையாதுங்க."

மூணடி எக்ஸ்ட்ரா. அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் கேட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும்: "தம்பி, தண்ணி, ஆளு, சாமான் எல்லாம் ஏத்தி எடை போட்டுப் பாத்தியளா? முன் ஆக்சில் எவ்வளவு நிக்கி, பின் ஆக்சில் எவ்வளவு நிக்கி?" அவன் என்னைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான், "அம்மாவுக்கு நல்ல அனுபவமுங்க" என்று சிரித்துவிட்டு பியூலாவைக் கூப்பிட்டு அடுப்பை இழுத்து இழுத்துக் காட்ட ஆரம்பித்தான். நீ என் முழங்கையைப் பிடித்து, "எம்மா, சும்மா இரேன், எல்லாரும் பாக்காங்க" என்றாய். அது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் சும்மா இருந்ததற்கு அது காரணமில்லை. மேற்கொண்டு பேசினால், மூணடிக்கு ஏன் இப்படிப் பயப்படுகிறாய் என்று நீ கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் வாயை மூடினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வண்டித் தொட்டியில் குழாய் போட்டுத் தண்ணீர் நிரப்பினாய். நான் கம்மல் விழுந்துவிட்டது என்று சொல்லி முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து தேடிக்கொண்டிருந்தேனே, கம்மல் என் காதில்தான் இருந்தது. டயருக்கும் மேலே இருக்கிற மட்கார்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தேன். நாலு விரல் இருந்தது. தொட்டி நிரம்பி, ஜெனரேட்டரையும் இரண்டு சைக்கிளையும் வால் பக்கம் மாட்டின பிறகு, தேடுகிற மாதிரி மறுபடியும் போனேன். ஐந்தரை விரல். பாரம் ஏற ஏற வண்டி கீழேதானே இறங்க வேண்டும், முன்பக்கம் மேலே ஏறியிருக்கிறது. தொட்டி, ஜெனரேட்டர், சைக்கிள், குளியலறை எல்லாம் அந்த மூணடிக்குள், பின்சக்கரத்துக்கு அப்பால் தொங்குகிறது. அங்கே ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். ஸ்டேரிங் பேசுவது முன்சக்கரத்தோடு. ஜெனியின் கட்டில் அந்தத் தொட்டிக்கு நேர் மேலே இருக்கிறது. "ஆச்சி, என் ரூம் பாரு" என்று என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அதில் படுக்கவைத்தாள். நான் படுத்துக்கொண்டு சிரித்தேன். செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததும் சாவியை எடுத்து அரிசிக்குள் புதைத்தேன். அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஒரு வருஷம் முழுக்க அரிசிக்குள் வைத்திருக்க முடியுமா?

இப்போது உன் அப்பாவின் மீன் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். வீடு மாதிரி ஒரு வண்டியில் இருக்க வேண்டும் என்கிற ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது என்று பியூலா ஒரு நாள் என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியும். அந்த மீன் வண்டியின் கேபினில், சீட்டுக்குப் பின்னால் உன் அப்பா ஒரு பலகை அடித்து, மேலே பழைய கம்பளியை விரித்து வைத்திருந்தார். அதுதான் உன் கட்டில். லீவு நாளில் கீழவைப்பாருக்கு மீன் எடுக்கப் போகும்போது உன்னையும் கூட்டிப்போவார். ஐஸ் போட்டு முடிக்கும்வரை நீ அந்தப் பலகையில் காலை ஆட்டிக்கொண்டு கிடப்பாய். திரும்பி வந்து, "எம்மா, நம்ம வண்டியிலேயே இருந்துருவமா?" என்று கேட்பாய். உனக்கு நினைவிருக்கிற சந்தோஷம் எல்லாம் அந்தக் கேபினுக்குள்தான் இருக்கிறது, அதை நான் அறிவேன். அதனால்தான் இதைச் சொல்ல இத்தனை வருஷம் கை வரவில்லை.

அதுவும் சின்ன லாரி சேஸ்தான். ஒரு நாள் பாடி கட்டுகிற பட்டறையில், "அண்ணாச்சி, பின்னால ரெண்டடி நீட்டி வெல்டிங் வச்சுருவோம், நாலு வரிசை பெட்டி கூட நிக்கும்" என்று ஆசை காட்டினார்கள். உன் அப்பா வேண்டாம் என்றார். "கம்பெனிக்காரன் தெரியாமலா இந்த நீளத்தோட விட்டிருக்கான்? இருக்கது போதும்ளா" என்றார். நான் விடவில்லை. நாலு வரிசை பெட்டி என்றால் சும்மாவா, உனக்கு நல்ல பள்ளிக்கூடம், நமக்குக் கான்கிரீட் கூரை என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன். பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். பதினொன்றாம் நாள் அவர் வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். அந்த இரண்டடியைக் கேட்டவள் நான். இது முதல் உண்மை.

நீட்டின பிறகு முதல் லோடு ஏற்றிக்கொண்டு அவர் நேராக என் மேடைக்குத்தான் வந்தார், பெருமையாகக் காட்ட. எங்கள் பக்கம் எல்லாரும் எடைச் சீட்டில் மொத்த எடையைத்தான் பார்ப்பார்கள். மொத்தம் அளவுக்குள் இருந்தால் போதும், சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் வண்டி ஏறும்போது முன்சக்கரம் இரண்டும் முதலில் மேடைக்கு வருமில்லையா, அப்போதே நம்பர் கண்ணில் பட்டுவிடும். நீட்டுவதற்கு முன்னால் அந்த வண்டி நிறைபாரத்தில் வந்தால் முன் ஆக்சில், அதாவது முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து, ஆயிரத்து எழுநூறு கிலோ காட்டும். அன்றைக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பது காட்டியது. பாரம் கூடியிருக்கிறது, முன்பக்கம் குறைந்திருக்கிறது. அவர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "என்னளா, சரியா இருக்கா?" என்று கேட்டார். நான், "மொத்தம் சரியாத்தான் இருக்கு, போய்ட்டு வாங்க" என்றேன். பொய் இல்லை. மொத்தம் சரியாகத்தான் இருந்தது. சீட்டின் பின்பக்கம் அந்த முன் நம்பரைப் பென்சிலால் எழுதி மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன். சாயந்திரம் சொல்வோம் என்று நினைத்தேன். சாயந்திரம் அவர் அல்வா வாங்கிக்கொண்டு வந்தார், சிரித்துக்கொண்டே வந்தார். நாளைக்குச் சொல்வோம் என்று விட்டேன்; இது இரண்டாவது உண்மை.

எட்டு நாள் அப்படியே போனது. ஒன்பதாம் நாள் உனக்கு அரைப்பரீட்சை லீவு விட்டிருந்தது. நானும் போறேன் என்று நீ அடம்பிடித்தாய். நான்தான் உனக்குத் தலைவாரி, தூக்குவாளியில் இட்லி வைத்து, உன்னை அந்தக் கேபினுக்குள் ஏற்றிவிட்டேன். நம்பர் தெரிந்த நான். ஏலே, இந்த வரியை எழுதிவிட்டு நான் எழுந்துபோய் முற்றத்தில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்துதான் மறுபடி உட்கார்ந்தேன்.

அந்த வண்டியில் முன்பக்கம் பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. திருநெல்வேலியில் இறக்க வேண்டிய பெட்டிகளை அந்தக் கதவு ஓரமாக, முன்னால் அடுக்குவார்கள். கயத்தாறு, கோவில்பட்டிப் பெட்டிகள் எல்லாம் வால் பக்கம். திருநெல்வேலியில் முன்பெட்டிகளை இறக்கினதும், ஆயிரத்து இருநூற்று நாற்பதிலும் எவ்வளவு குறைந்ததோ அது மாதாவுக்குத்தான் தெரியும். கயத்தாறுக்குச் சற்று முன்னால், காலை ஒன்பது மணி சுமாருக்கு, தூறல் விழுந்துகொண்டிருந்தது. ரோடு லேசாக வலதுபக்கம் வளைகிறது, அவர் திருப்பினார், வண்டி நேராகவே போனது. ஓடைக்குள் இறங்கிச் சாய்ந்தது. உன் புருவத்துக்கு மேல் ஏழு தையல். அவருக்கு வலது இடுப்பு. மழையால் வந்தது என்றுதான் உனக்குச் சொல்லி வைத்தோம். நீயும் பள்ளிக்கூடத்தில் தழும்பைக் காட்டி மழைக் கதை சொல்லிக்கொண்டு திரிந்தாய். அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கிரேன்காரர் வண்டியைத் தூக்கி ரோட்டில் நிறுத்தியிருந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "யக்கா, இந்த வண்டி மூக்கத் தூக்கிட்டு நிக்கி பாத்தியளா? மழ மேல பழியப் போடாதிய" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் உன் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏளா, என் கை சரியில்லளா. திருப்பினேன், திரும்பல. நாந்தான் லேட்டா திருப்பியிருக்கேன். பிள்ளையக் கொன்னிருப்பேனே." திருப்பினேன், திரும்பல. அந்த இரண்டு சொல்லைக் கேட்டதுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது கை செய்த தப்பே இல்லை, முன்சக்கரம் தரையைச் சரியாகத் தொடவில்லை. அந்தக் கட்டில் ஓரத்தில் அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டடி யார் கேட்டது, நம்பர் யார் பார்த்தது எல்லாம் சேர்ந்து வரும். நான் அவர் கையைத் தடவிக்கொடுத்து, "விடுங்க, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். பெரிய மனசுக்காரி மாதிரி. அதற்குப் பிறகு அவர் ஸ்டேரிங்கைத் தொடவே இல்லை. குடோனில் ஸ்டோர் பார்த்துக்கொண்டு, சாவிக்கொத்தை எண்ணிக்கொண்டு இருந்தார். நீ பைக் வாங்கினபோது உன் இரண்டு கையையும் பிடித்து விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாரே, நீ சிரித்தாய். அவர் விளையாடவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என்னிடம் சொன்னார், "அவன் கையும் என் கை மாதிரிதான்ளா. பெரிய வண்டி ஓட்ட விடாத." அன்றைக்கும் நான் சரி என்றுதான் சொன்னேன். நல்ல டிரைவர் ஒருத்தர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டே செத்துப்போனார். அவருக்கு அதைச் செய்தவள் நான். சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லாமல், அக்கம்பக்கத்தில் சண்டை போட்டேன், கோபப்பட்டேன் என்று சில்லறையை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் பென்சில் எழுத்து மங்கியிருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்துப் பார். நீ என்மேல் கோபப்படு. ஒரு வருஷம் பேசாமல் இருந்தாலும் சரி. அதைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் இது மட்டும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், உன் அப்பா கை நல்ல கை. உன் கையும் நல்ல கை.

போகாதே என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. நூறு தடவை எழுதி அடித்தேன். அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வண்டியை நிறைபாரத்தில் எடை போட வேண்டும். புத்தகத்தில் போட்ட எடை நமக்கு வேண்டாம், மொத்த எடை சரியாக இருக்கிறது என்கிற கதையும் வேண்டாம். முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக. இந்தச் சேஸுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று சேஸ் செய்த கம்பெனியே தகடு அடித்து வைத்திருக்கும், டிரைவர் கதவுப் பக்கம் தேடிப் பார். மேலே கூடு கட்டினவன் சொல்வதைக் கேட்காதே. முன்பக்கம் குறைவாக நின்றால் தண்ணீர்த் தொட்டியை வாலிலிருந்து எடுத்து இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், சாப்பாட்டு மேசைக்கு அடியில் வை. ஜெனரேட்டரையும் சைக்கிளையும் இறக்கிப் போடு. அதற்கும் சரியாகவில்லையென்றால் அந்த மூணடியை வெட்டி எறி. நின்றுகொண்டுதான் குளிக்க வேண்டுமா? ஒரு வருஷம் வாளித் தண்ணீரில் உட்கார்ந்து குளித்தால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். ஒரு மாசம் தள்ளிப் போனால் காஷ்மீர் எங்கேயும் ஓடிவிடாது. பியூலா, நீங்கள் நாசரேத்துக்காரர்கள், எதையும் நோட்டுப் போட்டு எழுதி வைப்பவர்கள் என்று உன்னைக் கேலி செய்வேன் அல்லவா, இதையும் எழுதி வைத்துக்கொள் தாயி. ஒவ்வொரு தடவை சாமான் ஏற்றும்போதும் எது எங்கே இருக்கிறது என்று எழுது. அவன் சிரித்தாலும் விடாதே.

நான் வேலை பார்த்த மேடையில் இப்போது முத்துச்செல்வி என்கிற பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். நேற்றுப் போய் அவளிடம் பேசிவிட்டேன். "சனிக்கிழம ஒரு பத்து நிமிஷம் எனக்கு அந்த நாற்காலியக் குடுளா" என்றேன். "அதுக்கென்னக்கா, வாங்க" என்றாள். ஆத்தூர், பழையகாயல் வழியாகத்தான் வருவாய், எப்படியும் அந்த மேடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். இந்தக் கடிதத்தை பியூலாவின் சித்தப்பா நாளைக்குக் காலையில் நாசரேத்துக்கு வரும்போது கையில் கொண்டுவந்து கொடுப்பார். வண்டியைக் காலியாகக் கொண்டுவராதே. தொட்டி நிறையட்டும், சிலிண்டர், சைக்கிள், ஜெனியின் பொம்மைகள்வரை எல்லாம் ஏறட்டும். மூன்று பேரும் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருங்கள். ஜெனியிடம் சாவி விஷயத்தை நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். அவளிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மெதுவாக ஏறு. முன்சக்கரம் இரண்டும் மேடைக்கு வந்ததும் அங்கேயே நிறுத்தி என்ஜினை அணைத்துவிடு. நம்பர் கொஞ்ச நேரம் ஆடும், பிறகு ஓரிடத்தில் நிற்கும். அது எதுவாக இருந்தாலும், நான் அந்தக் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து, உன் ஜன்னலுக்குக் கீழே நின்று, உனக்கும் பியூலாவுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஜெனிக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிப்பேன்.

அம்மா